புக்யால் தாங்கும் தலைக்கணக்கு

உத்தரகண்டின் கட்வால், குமாவுன் மலைகளில், மரங்கள் வளரும் எல்லை முடிகின்ற ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரத்துக்கு மேலே விரிந்து கிடக்கும் புல்வெளிகளை அப்பகுதி மக்கள் புக்யால் என்கின்றனர். ஆலி, பேத்னி முதலிய புக்யால்களைக் காக்கக் கோரித் தொடரப்பட்ட வழக்கில், 2018 ஆகஸ்டில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம், அங்கே இரவு தங்குவதைத் தடைசெய்ததோடு, செல்லும் பயணிகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டக் கூடாது என்றும் நிரந்தரக் கட்டுமானங்கள் அகற்றப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மலையேற்றத் தொழிலில் இருப்போர் பலர் அந்தத் தீர்ப்பைத் தங்கள் பிழைப்பின் மீது விழுந்த அடியாகவே பார்த்தனர் என்றாலும், புல்வெளி கெட்டுவருவதைக் கண்ணால் கண்டவர்களுக்கு அதன் தேவை விளங்காமல் இல்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பைச் சுற்றி எழுந்த விவாதத்தில் ஒரு கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது. 200 பேர் என்பது 25 பேர் கொண்ட 8 குழுக்களாகவும் வரலாம், 5 பேர் கொண்ட 40 குழுக்களாகவும் வரலாம். மொத்தம் ஒன்றே ஆனாலும், தரைக்கு நேர்வது ஒன்றல்ல.

மனிதர் உலாவுவதாலும் தங்குவதாலும் மண்ணுக்கும் செடிகொடிக்கும் நீருக்கும் விளையும் மாற்றங்களை அளந்து ஆராயும் துறை பொழுதுபோக்குச் சூழலியல் எனப்படுகிறது. அமெரிக்க மின்னசோட்டா மாநிலத்துக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள ஏரிக்காடுகளின் முகாம்களை ஆராய்ந்து ஃப்ரிசெல், டங்கன் ஆகியோர் 1965-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கக்கால ஆய்வுகளுள் முக்கியமானது. குறைவாகவே பயன்பட்ட முகாம்களிலும் தரைத்தாவரத்தின் பெரும்பகுதி அழிந்திருந்ததை அவர்கள் கண்டனர். பின்னர் ஆரெகன் மாநிலத்தின் ஈகிள் கேப் காட்டுப்பகுதியில் டேவிட் கோல் செய்த ஆய்வும் அதையே உறுதிசெய்தது: ஆண்டுக்குச் சில இரவுகள் மட்டும் பயன்படும் முகாமுக்கும் அடிக்கடி பயன்படும் முகாமுக்கும் இடையிலான வேறுபாடு, தொடப்படாத தரைக்கும் சில இரவு முகாமுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்டிலும் மிகச் சிறியது. சேதம் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, அதன்பின் ஏறக்குறைய சமமாக ஓடும் வளைகோடு இது. குழு அளவைப் பற்றிய எந்த முடிவும் இந்த வளைகோட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

மிதிபடுதலை அளப்பதற்குக் கோலும் பேஃபீல்டும் 1993-இல் வகுத்த செய்முறையில், அரை மீட்டர் அகலமுள்ள தரைப்பட்டைகளின் மீது முறையே 25, 75, 200, 500 தடவை நடந்து, எஞ்சியிருக்கும் தாவரப் போர்வை எவ்வளவு என்று பார்க்கின்றனர். இந்தப் படிநிலைகளை ஒரு முகாமின் மாலைப்பொழுதோடு பொருத்திப் பார்த்தால் குழு அளவின் பொருள் தெளிவாகும். முகாமுக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து மறுநாள் புறப்படும் வரை, ஒருவர் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு ஐந்து முறை போய்வருவதாகக் கொண்டால், அவரால் மட்டும் பத்து நடை விழும். ஆறு பேர் கொண்ட குழுவில் அது 60 நடை. முப்பது பேர் கொண்ட குழுவில் 300 நடை. முன்னது செய்முறையின் இரண்டாம் படியைக்கூட எட்டவில்லை. பின்னது மூன்றாம் படியை ஒரே இரவில் தாண்டிவிடுகிறது. சிறு குழு நினைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வழியாக நடந்து மிதியைப் பரப்பிவிட முடியும். பெருங்குழுவுக்கோ ஒரே அடுப்பு, ஒரே சாப்பாட்டுக் கூடாரம், ஒரே தண்ணீர்த்துறை, ஒரே கழிப்பிடம் என்று எல்லா நடையும் சில கோடுகளில் குவிந்துவிடுவதால், தலைவர் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும் தடம் விழுவதைத் தடுக்க இயலாது. புக்யாலின் மண்ணை இறுக்கிப் பிடித்திருப்பது புல்வேர்களின் பின்னலே. அது ஓரிடத்தில் அறுந்தால், இரவு உறைபனி அடிமண்ணை நெகிழ்த்த, மழைக்காலத்து நீர் அதை அரித்துச் சென்று பள்ளமாக்குகிறது.

இதைப் படித்ததும் பெருங்குழுவை உடைத்துச் சிறு குழுக்களாக்கிவிட்டால் போதும் என்று தோன்றலாம். அது பாதி உண்மை மட்டுமே, அந்தப் பாதியை முழுமையாகக் கொண்டால் கேடு கூடும். இருபது பேர் கொண்ட ஒரு குழுவை ஐந்தைந்தாகப் பிரித்து, கைபடாத புல்வெளியின் நான்கு மூலைகளில், பருவம் முழுவதும் அதே நான்கு இடங்களில் தங்கவைத்தால், வளைகோட்டின் செங்குத்தான தொடக்கப்பகுதி நான்கு இடங்களில் நிகழும். ஒரு முகாம் நான்காகும். எனவே தரை எத்தகையது என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை மாற வேண்டும். ஏற்கெனவே புல் தேய்ந்து மண் இறுகிவிட்ட முகாமில், எல்லைக்குள் அடங்கும் அளவுக்கு ஆட்கள் இருக்கும்வரை, மேலும் சிலர் வருவதால் கூடும் சேதம் சிறிது. அங்கே காக்க வேண்டியது அந்த எல்லையை. தொடப்படாத தரையிலோ எண்ணிக்கையே எல்லாம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா இந்த வேறுபாட்டை விதியாகவே ஆக்கியிருக்கிறது: அதன் காட்டுப்பகுதியில் பாதையைப் பின்பற்றிச் செல்லும் குழுவில் 15 பேர் வரை இருக்கலாம், பாதையை விட்டு விலகிச் செல்லும் குழுவில் 8 பேர் மட்டுமே. மின்னசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் பகுதி வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. அங்கே ஒரு குழுவுக்கு 9 பேரும் 4 படகுகளும் என்ற வரம்போடு, தீ மேடையும் கழிப்பிடமும் அமைந்த ஏறத்தாழ 2,000 முகாம்களில் மட்டுமே தங்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்தே இருக்கிறது. எண்ணும் இடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இவ்விரு விதிகளின் பலம்.

இந்திய இமயத்தில் எண்ணிக்கை பெரும்பாலும் பணம் செலுத்திய பயணிகளையே குறிக்கிறது. இருபது பயணிகள் என்று அனுமதிச்சீட்டில் எழுதப்படும் குழுவோடு வழிகாட்டிகள், சமையல்காரர், உதவியாளர், சுமை தூக்குவோர், கோவேறு கழுதைகள், அவற்றை ஓட்டுவோர் என்று ஒரு பெரும் பரிவாரமே மேலேறுகிறது. அவர்களும் அதே தரையில் தூங்குகின்றனர், அதே ஓடையில் பாத்திரம் கழுவுகின்றனர். கோவேறு கழுதையின் குளம்பு மனிதனின் காலணியை விடச் சிறிய பரப்பில் மிகுந்த எடையை இறக்குவதால் ஈர மண்ணில் ஆழமாகப் பதிகிறது. கட்டிவைத்த இடத்துப் புல்லையும் அது வேரோடு மேய்ந்துவிடுகிறது. அமெரிக்கக் காட்டுப்பகுதிகள் சிலவற்றில் மனிதரையும் விலங்கையும் சேர்த்து, இதயத்துடிப்புகளின் எண்ணிக்கை என்றே குழு அளவை வரையறுக்கின்றனர். அந்தக் கணக்குமுறையைப் புக்யால்களுக்கும் கொண்டுவருவதே நேர்மையானது. பரிவாரத்தை எண்ணாமல் விடுவது, உழைப்பவர்களைக் கணக்கில் சேர்க்காத பழைய வழக்கத்தின் தொடர்ச்சியும்கூட.

இரவுத் தடைக்குப் பின் முகாம்கள் மரவரம்புக்குக் கீழே, காட்டின் விளிம்புக்கு இறங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. மிதிபடும்போது சேதத்தை எதிர்க்கும் ஆற்றலைத் தாங்குதிறன் என்றும், சேதப்பட்டபின் பழைய நிலைக்குத் திரும்பும் ஆற்றலை மீள்திறன் என்றும் சூழலியலாளர் பிரித்துப் பேசுகின்றனர். தரையோடு படர்ந்த புல்லினங்களுக்குத் தாங்குதிறன் அதிகம். மரநிழலில் நிமிர்ந்து வளரும் அகன்ற இலைச் செடிகளுக்கு அது மிகக் குறைவு. கோலும் மோன்ஸும் வயோமிங் மலைகளில் செய்து 2003-இல் வெளியிட்ட முகாம் சோதனையில், திறந்த புல்வெளியைக் காட்டிலும் காட்டின் தரைச்செடிகள் மெதுவாகவே மீண்டன. ஆகவே காட்டு விளிம்புக்கு இறங்கும் முகாம்களுக்கு, குறியிட்ட எல்லையும் சிறிய எண்ணிக்கையும் புல்வெளியில் வேண்டியதைவிடக் கூடுதலாகவே வேண்டும். விறகுக்காக வெட்டப்படும் குட்டை ரோடோடென்ட்ரானும் ஜூனிப்பரும் மிக மெதுவாக வளர்பவை என்பதால், எரிவாயு அடுப்பு அங்கே கட்டாயமாக வேண்டும்.

கழிவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழிதோண்டிப் புதைப்பது சிறு குழுக்களுக்குப் பரிந்துரைக்கப்படும் முறை. குளிர்ந்த மலைமண்ணில் கிருமிகள் குளிர்காலத்தைத் தாண்டியும் உயிரோடு இருக்கின்றன என்பதை மொண்டானாவில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. வாரந்தோறும் முப்பது பேர் வந்துபோகும் முகாமில் இக்குழிகளுக்கு இடமே மிஞ்சாது. பெருங்குழு கழிவைச் சுமந்து கீழிறக்க வேண்டும், இல்லையேல் பெருங்குழுவாக வரக் கூடாது.

குழுவைச் சிறிதாக்குவதற்குக் கீழ்வரம்பும் உண்டு. ஒருவர் மயங்கி விழுந்தால் ஒருவர் உடனிருக்க, இருவர் உதவி தேடிச் செல்ல வேண்டியிருப்பதால், நான்கு பேருக்குக் குறைந்த குழு உயரத்தில் ஆபத்தானது. செலவைப் பற்றிய தடை இதைவிடக் கடினமானது. ஒரு வழிகாட்டியின் ஊதியத்தை இருபத்தைந்து பேர் பகிர்ந்துகொள்வதால்தான் கட்டணம் மலிவாகிறது. அந்த மலிவின் மிச்சச் செலவைப் புல்வெளி ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழு சிறிதானால் ஒரு பருவத்தில் வேலை பெறும் உள்ளூர் வழிகாட்டிகளின் எண்ணிக்கை கூடும் என்பதைக் கிராமச் சபைகளிடம் எடுத்துச் சொல்வது நிறுவனங்களின் பொறுப்பு.

இவ்விதழின் நிலைப்பாடு இதுதான்: குறியிடப்படாத தரையில், பணியாளரும் விலங்கும் சேர்த்து, பத்து தலைக்கு மேல் இரவு தங்கக் கூடாது, அதற்கு மேற்பட்ட குழு, எல்லை நட்ட முகாமில் மட்டுமே தங்க வேண்டும், அங்கும் இரண்டு அடுப்புகளாகப் பிரிந்து சமைக்க வேண்டும். அனுமதிச்சீட்டில் பயணிகளுக்கு ஒரு கட்டமும் பணியாளருக்கு ஒரு கட்டமும் விலங்குகளுக்கு ஒரு கட்டமும் இருக்க வேண்டும் என்று வனத்துறையிடம் கேட்பது எளிது, அதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை. கூடாரம் அடிக்கும் முன்னும் பிரித்த பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை, தலைக்கணக்கோடும் தேதியோடும் குழுத்தலைவர்கள் ஆண்டுதோறும் சேர்த்து வைத்தால், பத்து என்ற எண் எந்தப் புக்யாலுக்குக் கூடுதல், எந்தப் புக்யாலுக்குக் குறைவு என்பதை அந்தந்தத் தரையே காட்டும். அத்தகைய பதிவுகளுக்கு வரும் இதழ்களில் பக்கங்கள் ஒதுக்கப்படும்.