காது மடலில் நிறம் பார்க்கும் ஊருக்கு

சூலூர், பல்லடம் பக்கத்து என் சொந்தபந்தங்களுக்கும் ஊர்ச் சனத்துக்கும்,

டப்ளினில் இருந்து எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வராததை எழுத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

2025 ஆகஸ்ட்டில் நீங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டீர்கள். ஜூலை 19 அன்று இங்கே டாலா பகுதியில், நாட்டுக்குப் புதிதாக வந்திருந்த இந்தியர் ஒருவரை ஒரு கூட்டம் அடித்து, கால்சட்டையை உருவி, ரத்தம் வழிய விட்டுவிட்டுப் போயிருந்தது. குழந்தைகளிடம் தவறாக நடந்தார் என்று பொய்ப் பழி வேறு. அந்த வழியே வந்த உள்ளூர்ப் பெண் ஒருவர்தான் நின்று உதவினார். அடுத்து வாட்டர்ஃபோர்டில், ஆறு வயதுச் சிறுமியை அவள் வீட்டு முன்னாலேயே அடித்தார்கள். ஆளில்லாத இடங்களுக்குப் போகாதீர்கள் என்று இந்தியத் தூதரகம் அறிவித்தது. டப்ளினில் நடக்கவிருந்த இந்தியா தின விழா தள்ளிப்போனது. வீடியோக்கள் உங்கள் வாட்ஸ்அப்புக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன.

"ஏங்கண்ணு, நம்ம நெறத்துக்கா இத்தன வெறுப்பு?" என்றார் பெரியம்மா. "இந்த வெள்ளக்காரனுங்களுக்குக் கொழுப்பப் பாரு" என்றார் மாமா. எனக்கு ஏதாவது நடந்ததா என்று எல்லோருமே கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்று சமாளித்தேன். நடந்தது உண்டு. டாலா போகும் லுவாஸ் டிராமில் பள்ளிக்கூடப் பையன்கள் என்னைப் பார்த்துக் குரங்குபோல் சத்தம் போட்டிருக்கிறார்கள். நான் நர்ஸாக வேலை பார்க்கும் வார்டில் ஒரு பெரியவர், ரத்த அழுத்தம் பார்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, வெள்ளை நர்ஸை அனுப்பச் சொன்னார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். வாலிபத்தில் வேலை தேடி இங்கிலாந்து போனவர். அங்கே ஐரிஷ்காரர் என்றாலே எவ்வளவு இளக்காரம் என்பதை இன்னொரு நாள் அவரே சொல்லிக் கண் கலங்கினார். வெளுத்த தோல் அவரைக் காப்பாற்றவில்லை.

வலித்ததா என்றால் வலித்தது. ஆனால் பெரியம்மா, அந்த வலி எனக்குப் பழக்கமானது.

கோவையில் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்துப் போனால் முதல் கேள்வி, ஆணா பொண்ணா. இரண்டாவது கேள்வி, நல்ல நெறமா. தாய் எப்படி இருக்கிறாள் என்பது மூன்றாவதாக வந்தாலே பெரிய விஷயம். பிறந்த குழந்தைகள் எல்லாம் சிவந்துதான் இருக்கும் என்பதால் பாட்டிகளுக்கு அந்த நிறத்தில் நம்பிக்கை கிடையாது. காது மடலைத் திருப்பி ஓரத்தைப் பார்ப்பார்கள். அங்கே கருத்திருந்தால் முகம் விழுந்துவிடும். ஒன்பது மாதம் பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்த அந்தப் பெண், கட்டிலில் படுத்தபடியே மாமியார் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். என் காதையும் யாரோ அப்படித் திருப்பிப் பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பின்னால் நடந்தது உங்களுக்கே தெரியும். கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு, பாலாடை. "வெயில்ல நிக்காத அம்மிணி, இன்னும் கருத்துருவே." என்னை ஆறுதல்படுத்த நினைத்தவர்கள்கூட "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்றுதான் சொன்னார்கள்; அந்த 'இருந்தாலும்' எனக்குப் பத்து வயதிலேயே புரிந்துவிட்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஃபேர் அண்ட் லவ்லி டியூப். 1975இல் கடைக்கு வந்த அந்தக் களிம்பு, அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டை போலீஸ்காரர் கொன்று உலகமே கொதித்த 2020இல் குளோ அண்ட் லவ்லி என்று பேர் மாற்றிக்கொண்டது. பல்லடம் மளிகைக் கடையில் இன்னும் பழைய பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

கல்யாணப் பேச்சில் நிறத்துக்கு விலையே வந்துவிட்டது. "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மிங்க, அதுக்குத் தகுந்தாப்பல பவுன் சேத்திப் போட்ருங்க" என்று தரகர் அப்பாவிடம் சொன்னதை நான் சமையலறையில் நின்று கேட்டேன். அப்பா போட்டார். அந்தக் கூடுதல் பவுன் என் தோலுக்கு அவர் கட்டிய வரி.

கருப்பராயனுக்குக் கிடா வெட்டுகிற ஊர், பேரனுக்குக் கருப்புசாமி என்று பேர் வைக்கிற ஊர் என்றெல்லாம் இங்கே ஆரம்பிக்கலாம். எத்தனையோ பேர் சொல்லியாகிவிட்டது. சாமிக்கு ஒரு நியாயம், ஆசாமிக்கு ஒரு நியாயம் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் நர்ஸாகவே பேசுகிறேன்.

நிறமியைச் சுரக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளைக்காரருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் துகள்களின் அளவிலும் பரவலிலும்தான் வித்தியாசம். வெளிர் நிறத்துக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் கே.தங்கராஜ் குழுவினர் ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். நம் நாட்டில் சிலருக்கும் ஐரோப்பியருக்கும் இருக்கும் அந்த மாற்றம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. இப்படிப் பல மரபணுக்கள் சேர்ந்தே நிறம் அமைகிறது. அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு நிறம், நான் ஒரு நிறம். குங்குமப்பூவுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

களிம்புக்கு வேலை உண்டு, ஆபத்தான வேலை. சிவப்பழகு தரும் என்று சொல்லி, பேர் போடாத டப்பாக்களில் வருவதை நம்பாதீர்கள். பாதரசம் கலந்த களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை 2023இல் மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பாலக்காட்டைத் தாண்டினால் மலப்புரம், ரொம்ப தூரமில்லை. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு டியூபும் அப்படித்தான். முதல் மாதம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், முகத்தில் முடி வளரும்.

போன தடவை நான் வந்தபோது பீளமேட்டு விமான நிலையத்திலேயே "ஃபாரின் போயி நல்லா கலராயிட்டே" என்று மெச்சினீர்கள். இந்த ஊரில் அக்டோபர் முதல் மார்ச் வரை தோலில் வைட்டமின் டி உண்டாகும் அளவுக்கு வெயில் கிடையாது. கருத்த தோலுக்கு இன்னும் அதிக வெயில் வேண்டும். எனக்குக் குறைபாடு வந்து, எலும்பு வலியோடு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் மெச்சியது அந்த நோயாளியைத்தான்.

இங்கே இனவெறி குறைவு என்று நான் சொல்லவில்லை. டாலாவில் நடந்ததைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வேன்? ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்தப் பெரியவர் கையைத் தட்டிவிட்ட அன்று, வார்டு மேலாளர் என்னை உட்காரவைத்து, நடந்ததைப் படிவத்தில் எழுதிக்கொண்டார். இந்த நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் நிறம் என்ற சொல்லே எழுதியிருக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எல்லாம் இருக்கிறது, நிறம் இல்லை. இருந்திருந்தாலும் யார்மேல் புகார் கொடுப்பேன்? அத்தைமேலா? பாசத்தோடு தலை கோதிக்கொண்டே அல்லவா சொன்னார்கள்?

2017இல் முன்னாள் எம்.பி. தருண் விஜய், நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் தென்னிந்தியரோடு எப்படிச் சேர்ந்து வாழ்வோம் என்ற பொருளில் பேசியபோது நீங்கள் கொதித்தீர்கள். ஹரித்வாரில் வள்ளுவருக்குச் சிலை வைக்கப் பாடுபட்டவர் அவர். பிறகு மன்னிப்பும் கேட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நம் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், சிறு வயதில் இருந்தே தன் நிறத்தைக் கேலி செய்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அவரைக் கேலி செய்தவர்கள் டெல்லியில் மட்டும் இருந்தார்களா என்ன?

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் எடுக்க வந்த நைஜீரிய வியாபாரிகளைப் பற்றி நம் வீட்டுத் திண்ணையிலேயே பேசியதை இங்கே எழுதக் கை கூசுகிறது. டிராமில் அந்தப் பையன்கள் போட்ட சத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் இரவு பகலாக ஓடுகிற பீகார் பையன்களுக்கு இன்றும் 'வடக்கன்' என்றுதான் பேர். 2023 மார்ச்சில் அவர்களை நாம் வெட்டுகிறோம் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் ஸ்டேஷனில் மூட்டையோடு நின்றவர்களுக்கு அதை நம்பத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று யாராவது யோசித்தீர்களா?

இன்னொன்று. நம் வட்டாரத்தில் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் கருப்பாக இருப்பார், அவர் காட்டில் வேலை செய்பவர் சிவப்பாக இருப்பார். ஆனால் டீக்கடையில் தனி டம்ளர் யாருக்கு வந்தது என்று உங்களுக்கே தெரியும். 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் இருபதடிச் சுவர் சரிந்து 17 பேர் இறந்தார்கள், எல்லோரும் தலித்துகள். தீண்டாமைச் சுவர் என்றுதான் சுற்றியிருந்தவர்கள் அதைச் சொன்னார்கள். ஒதுக்க நினைக்கிறவனுக்கு நிறம் ஒரு சாக்கு. அந்தச் சாக்கு கிடைக்காத இடத்தில், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுக்கொள்கிறோம். டப்ளினில் வீடு தேடியபோது என் பேரைக் கேட்டதும் வாடகைக்கு இல்லை என்றார்கள். சிங்காநல்லூரில் நம் வீட்டு மாடியை நாம் யார் யாருக்கு இல்லை என்றோம்?

கடைசியாக வீட்டு விஷயம். அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஜாதகத்தோடு கொடுக்கிற தாளில் 'நிறம்: மாநிறம்' என்று எழுதியிருப்பதைப் போட்டோவில் பார்த்தேன். அது பொய், அவள் என்னைப் போல நல்ல கருப்பு. அந்த வரியை அடித்துவிடுங்கள். படத்தை ஸ்டுடியோவில் வெளுக்கவும் வேண்டாம். யாராவது நிறம் கேட்டால், பவுன் பேச்சை எடுத்தால், என் நம்பரைக் கொடுங்கள். நம்மூர் நேரப்படி மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள். அப்போதுதான் எனக்கு நைட் டியூட்டி முடிந்திருக்கும்.