பதவியில்லாப் புலமைக்கும் ஒரு பரிசு



ஆராய்ச்சியாளர் என்றதும் பல்கலைக்கழகப் பேராசிரியரே நம் நினைவுக்கு வருகிறார். ஊதியமும் நூலகமும் ஆய்வு விடுப்பும் அவருக்கு உண்டு. பகலெல்லாம் பிழைப்புக்காக உழைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து மொழியையும் இலக்கியத்தையும் ஆராய்பவருக்கு என்ன உண்டு?

அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டு தோன்றிய நவீன மொழிச் சங்கம் இத்தகையோரை மறந்துவிடவில்லை. பேராசிரியர்கள் நிறைந்த அச்சங்கம், சுதந்திர ஆய்வாளர்களுக்கென்றே ஒரு நூற்பரிசை ஏற்படுத்தியது. மொழி, இலக்கியம் பற்றிய சிறந்த ஆய்வு நூலுக்கு உரியது அது. நூல் வெளிவந்த காலத்தில் அதன் ஆசிரியர் உயர்கல்வி நிறுவனத்தில் நிரந்தரப் பதவியிலோ, அதற்கு வழிவிடும் பதவியிலோ இருத்தல் கூடாது. பட்டத்துக்குப் பயிலும் மாணவராகவும் இருத்தல் கூடாது. உலகம் குறையென்று கருதும் பதவியின்மையே இங்கு தகுதியாகிறது!

பணமுடிப்பு, சான்றிதழ் ஆகியவற்றுடன் சங்கத்தில் ஓராண்டு உறுப்புரிமையும் இப்பரிசில் அடங்கும். பணம் செலவாகிவிடும். அறிஞர் அவையில் ஓர் இடம் கிடைப்பதோ, தனித்து உழைத்தவருக்குப் பெரும் ஆறுதல்.

எனினும் ஒன்றைச் சிந்தியுங்கள். நூல் அச்சேறிய பின்னரே பரிசு வருகிறது. அதற்கு முந்திய நெடிய ஆண்டுகளில் அவரைத் தாங்குவோர் யார்? வீட்டாரே! ஆகவே, உங்கள் இல்லத்தில் ஒருவர் ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்திருந்தால், "இதனால் என்ன வருமானம்?" என்று கேளாதீர்கள். அவருடைய தாள்களைக் குப்பையென்று கூட்டித் தள்ளாதீர்கள். அவருக்குரிய முதற்பரிசு உங்கள் கையால் கிடைக்கட்டும்!