இரட்டையரில் ஒருவர்

சமீபத்தில் கும்பகோணத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கு.ப. ராஜகோபாலனைப் பற்றிப் பேச்சு. பேசியவர் முக்கால் மணி நேரம் பேசினார். கண் பார்வை போய்த் திரும்பியது, கால் அழுகியது, காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது மறுத்தது, 1944 ஏப்ரல் 27இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்தது, எல்லாம் வந்தது. ந. பிச்சமூர்த்தியுடன் இருந்த சிநேகம் வந்தது. 'கும்பகோணம் இரட்டையர்கள்' என்ற பட்டம் ஏழெட்டு முறை வந்தது. கவிதை வரவில்லை. ஒரு கவிதையின் தலைப்புக்கூட வரவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுந்து, அவருடைய கவிதையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டேன். "அவர் அடிப்படையில் சிறுகதைக்காரர்தானே, கவிதைக்குத்தான் பிச்சமூர்த்தி இருக்கிறாரே" என்றார்.

அந்த 'இருக்கிறாரே'வுக்குத்தான் இந்தக் கட்டுரை.

'இரட்டையர்' என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. இரட்டைப் புலவர்கள் என்று நமக்கு இரண்டு பேர் உண்டு. ஒருவர் குருடர், மற்றவர் முடவர். முடவரைக் குருடர் தோளில் சுமப்பார். வெண்பாவின் முன்பாதியை ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர் முடிப்பார். கண்ணாலும் காலாலும் அவதிப்பட்ட கு.ப.ரா.வுக்கு அந்தச் சொல் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் கு.ப.ரா. ஆரம்பித்த எந்த வரியையும் பிச்சமூர்த்தி முடிக்கவில்லை. பிச்சமூர்த்தியின் தோளில் கு.ப.ரா. ஏறியதும் இல்லை. இருவருக்கும் பொதுவாக ஊர் இருந்தது, வயதில் இரண்டு வருஷ வித்தியாசம் இருந்தது, 'மணிக்கொடி' இருந்தது, பாரதி இருந்தான். இவற்றை வைத்து சிநேகத்தை விளக்கலாம். கவிதையை விளக்க முடியாது.

பிச்சமூர்த்தி வக்கீலாக இருந்தார். பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. கு.ப.ரா. மேலூர் தாலுகா ஆபீஸில் இருந்து, கண் புரையால் வேலையை விட்டு, தங்கை சேது அம்மாளைக் கையெழுத்துக்கு வைத்துக்கொண்டு கதை சொன்னவர். 1934இல் பிச்சமூர்த்தியின் 'காதல்' 'மணிக்கொடி'யில் வந்தது. புதுக்கவிதையின் பிறந்த நாளாக அதைச் சொல்கிறோம். அதே மணிக்கொடிக் காலத்தில்தான் 'கருவளையும் கையும்' என்று கு.ப.ரா. எழுதினார். வசன கவிதையைப் பண்டிதர்கள் பரிகசித்தபோது, அதற்கும் ஒரு தாளம் உண்டு என்று கட்டுரை எழுதி வாதாடியவரும் அவர்தான். இதெல்லாம் சரித்திரப் புத்தகங்களில் ஒரு வரியாக வந்துவிடுகிறது. அந்த வரியைத் தாண்டி யாரும் போவதில்லை.

இருவரையும் அடுத்தடுத்துப் படித்தவனுக்கு வித்தியாசம் உடனே தெரியும். பிச்சமூர்த்தி வீட்டை விட்டு வெளியே போகிறவர். பறவை, மரம், ஆறு, கடற்கரை என்று கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டு தத்துவத்துக்கு ஏறுவார். சில சமயம் ஏறுவது தெரியாது, சில சமயம் மூச்சு வாங்குவது கேட்கும். கு.ப.ரா. வெளியே போவதில்லை. அவர் கதைகளில் இருக்கும் அதே அறை, அதே ஆண், அதே பெண். ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிற குரல். பிச்சமூர்த்தியின் கவிதை உலகத்தைப் பார்த்து நிற்கிறது என்றால் இவருடையது எதிரே இருக்கிற ஒரு ஆளைப் பார்த்து நிற்கிறது. இதைத் தோழமையின் இரு முகம் என்று மெழுகிவிட முடியாது. கவிதையை எங்கே தேடுவது என்பதில் இருவரும் வேறு வேறு பக்கம் திரும்பியவர்கள்.

கு.ப.ரா. பெரிய கவிஞரா? இல்லை. சிறு கவிஞர் என்றே சொல்கிறேன், காரணத்தோடு சொல்கிறேன். 'விடியுமா' எழுதிய கை, சொல்லாமல் விட்டதைக் கொண்டே வாசகனை உலுக்கத் தெரிந்த கை. கவிதைக்கு வரும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. கதையில் மௌனமாக விட்டிருக்கக்கூடியதைக் கவிதையில் உருகிச் சொல்லிவிடுகிறார். வார்த்தை குழைகிறது. காதலைச் சொல்லும்போது குரல் சற்று அதிகமாகவே தழுதழுக்கிறது. ஆனால் தழுதழுக்காத இடங்களில், பேச்சின் இயல்பான மூச்சே வரியின் நீளத்தைத் தீர்மானிக்கிற இடங்களில், பின்னால் வந்த பல கவிஞர்கள் சிரமப்பட்டுக் கற்றது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. இதை மறுக்கலாம். மறுக்கிறவர் கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு மறுக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாரதி மகாகவியா, வெறும் நல்ல கவியா என்று முப்பதுகளில் பத்திரிகைகளில் சண்டை நடந்தது. மகாகவி அல்ல என்றவர்களில் கல்கி ஒருவர். அதை எதிர்த்துக் கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதியது 1937இல் 'கண்ணன் என் கவி' என்று புத்தகமாயிற்று. பாரதி வறுமையில் செத்தான், ஆகவே மகாகவி என்று அவர்கள் சொல்லவில்லை. கவிதையை எடுத்து, படித்து, எடைபோட்டுச் சொன்னார்கள். ஒரு கவிக்கு எந்த இடம் என்று தீர்மானிக்க இதுதான் வழி என்று காட்டியவருக்கே நாம் அந்த வழியை மறுத்துவிட்டோம். அவருக்குக் கிடைத்தது கண்ணீரும் சால்வையும்.

காரணம் சாதாரணமானது. 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது புதுக்கவிதைக்கு ஒரு தந்தை தேவைப்பட்டார். பிச்சமூர்த்தி உயிரோடு இருந்தார், நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் கவிதை எழுதினார், 1976 வரை இருந்தார். கு.ப.ரா. இறந்து அப்போதே பதினைந்து வருஷம். இதில் பிச்சமூர்த்தியின் குற்றம் எதுவும் இல்லை. செல்லப்பாவின் குற்றமும் இல்லை. பிந்தி வந்த நாம்தான், ஆயுள் நீண்டதை இலக்கிய அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். கூட்டத்தில் பேசியவர் இன்னொன்றும் சொன்னார்: அந்த இடைவெளியே தோழனை இழந்த துக்கத்தால்தானாம். சான்று கேட்டேன். "உணர வேண்டிய விஷயம்" என்றார். உணர்ந்துவிட்டால் படிக்க வேண்டியதில்லை என்ற சௌகரியம் அதில் இருக்கிறது.

நானும் யோக்கியன் அல்ல. பல வருஷங்களுக்கு முன் கு.ப.ரா.வைப் பற்றி ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். அதில் காலைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. கவிதையைப் பற்றி, 'கவிதையும் எழுதினார்' என்று இருக்கிறது. அந்த 'உம்'மைப் படித்தால் இன்றும் கூச்சமாயிருக்கிறது.

சிறு கவிஞனுக்கு இத்தனை எதற்கு என்று கேட்கலாம். பெரிய கவியைப் பற்றித் தவறாகச் சொன்னால் திருத்த நூறு பேர் வருவார்கள். சிறு கவிஞனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு தலைமுறை படிக்காமல் விட்டால் போனதுதான். நம் விமர்சனத்தின் யோக்கியதை அங்கேதான் தெரியவரும்.

கும்பகோணத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் போவேன். கால் கதையை ஆரம்பிக்கிறவர் நிதானமாக முடிக்கட்டும். அதன் பிறகு ஒரு கவிதையை எழுந்து உரக்க வாசிக்கச் சொல்வேன். நன்றாக இல்லை என்று யாராவது சொன்னால், எந்த வரி என்று கேட்பேன்.