சான்றிதழும் கண்ணாடிக் குழாயும்

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தேசியத் தரச்சான்று பெற்றுத் தருவதில் தமிழக அரசு முனைந்து நிற்கிறது. மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள், கண்ணால் காண்கிறார்கள், பணியாளர்களை வினவுகிறார்கள், பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள், நோயாளிகளிடமும் கேட்கிறார்கள். ஒவ்வொரு கூறுக்கும் சுழியம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண் இடுகிறார்கள். நூற்றுக்கு 70 தேறினால் சான்று. அதன் ஆயுள் 3 ஆண்டுகள். இம்முயற்சியால் பிரசவ அறைகள் துலங்கியிருக்கின்றன. கழிவுகள் நிறவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. இதனை வீண் வேலை என்போர் பழைய நிலையங்களின் அவலத்தைக் கண்டிராதவர்கள்.

ஆயினும் கோவில்பட்டிக்குத் தெற்கே, இடைசெவல் போன்ற கரிசல் சிற்றூர்களில் வாழும் சம்சாரிக்கு, அதாவது உழவருக்கு, இந்த 70 மதிப்பெண் எதை உணர்த்துகிறது?

கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புகளில் பாம்புகள் தங்கும். மழை பெய்து உளுந்தும் பருத்தியும் தலையெடுத்த பின், களையெடுக்கக் குனியும் பெண்ணின் விரலைச் சுருட்டை விரியன் தீண்டுவது இப்பகுதியில் நிகழக்கூடிய ஒன்றே. அவளை நிலையத்திற்குக் கொண்டு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை மிக எளியது. 2 மில்லி இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடங்கள் அசைக்காமல் நிறுத்தி, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கிவிட்டது என்று பொருள். நஞ்சுமுறிவு மருந்தைத் தாமதமின்றி ஏற்ற வேண்டும். அந்தக் குழாய் ஈரமின்றித் தூயதாக இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் குழாயானாலோ, சோப்புத்தூள் இட்டுக் கழுவிய குழாயானாலோ நல்ல இரத்தமும் உறையாதிருக்கலாம். சோதனை பொய்த்துப் போகும். நஞ்சுமுறிவு மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைவிக்கும். அதனால் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தொலைவில் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத் தனித்திருக்கும் செவிலியருக்கு இவையெல்லாம் தெரியுமா, அந்தக் குழாய் அலமாரியில் இருக்கிறதா என்பதே அவ்வூரின் மருத்துவத் தரம். முன்கூட்டி அறிவித்த நாளில், பகற்பொழுதில் வரும் மதிப்பீட்டாளர் இதனை எவ்வாறு காண்பார்?

மருத்துவத்தின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று கோணங்களில் அளக்க வேண்டும் என்று 1966-இலேயே எழுதினார், லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் அவேடிஸ் டோனபீடியன். நம் மதிப்பீட்டிலும் விளைவுக்கு இடம் உண்டு. ஆனால் அது பந்தியின் கடைசி இலை.

மக்களின் அளவுகோலும் குறையுடையதே. ஊசி போடாத மருத்துவரை நம் சம்சாரிகள் மருத்துவராகவே மதிப்பதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து வந்து, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை பெற்றுச் செல்வோர், தம் அளவு என்ன என்று கேட்பதுமில்லை, அவர்களுக்குச் சொல்லப்படுவதுமில்லை. கேட்க நேரமேது? 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வொன்று, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம் என்றது. இதற்கு மருத்துவரை மட்டும் நோவது அறமன்று. வரிசை வாசலைத் தாண்டி நிற்கையில் அவர் என் செய்வார்? செவிலியரின் பொழுதையோ, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதியும் ‘பிக்மி’ கணினிப் பதிவும் பிற கணினிப் பதிவுகளும் விழுங்குகின்றன.

இதன் விளைவை அரசின் சொந்த ஆய்வே காட்டிவிட்டது. தமிழகத்தில் 2020-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உடையோரில் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 7.3 விழுக்காட்டினர், நீரிழிவில் 10.8 விழுக்காட்டினர். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கி, மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வரலாயின. 2023-24-இல் நிகழ்ந்த இரண்டாம் கணக்கெடுப்பில் அவ்விகிதங்கள் முறையே 17, 16.7 என உயர்ந்தன. ஏற்றம் மெய்யானது, மறுப்பதற்கில்லை. எனினும் அழுத்தம் உடைய அறுவரில் ஐவருக்கு அது இன்னும் அடங்கவில்லை. இத்தனை இலட்சம் பயனாளிகள் என்று மேடைதோறும் முழங்கப்படுகிறது. அவர்களுள் எத்தனை பேருக்கு நோய் அடங்கிற்று என்பதை மேடையில் எவரும் சொல்லக் கேட்டோமில்லை.

தமிழகம் விளைவைக் கணக்கிட அறியாத மாநிலமன்று. பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் அம்மரணம் தனித்தனியே தணிக்கைக்கு உள்ளாகிறது. எங்கே தாமதம், வாகனம் ஏன் வரவில்லை, இரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்று குடும்பத்தாரிடமும் கேட்டறிகிறார்கள். 2001-03-இல் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. 24 மணி நேரச் செவிலியர் பணியும் 108 ஊர்தியும் இதற்குத் துணை நின்றன. ஆயினும் ஒவ்வோர் இறப்புக்கும் காரணம் கேட்கப்படும் என்ற அச்சமும் பொறுப்பும் செய்த பணி சிறிதன்று.

அதே கேள்வியைப் பாம்புக்கடிக்கும் கேட்க வேண்டும். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அறிவிப்போடு நில்லாமல், ஒவ்வோர் இறப்பிலும் முதல் ஊசிக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று விசாரிக்க வேண்டும். நிலையத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தும் பக்கவாதத்தில் வீழ்ந்தவரைப் பற்றியும், மாத்திரை எந்த மாதம் நின்றது என்று கேட்க வேண்டும்.

இவற்றின் தொகுப்பை, நோயாளியின் பெயர் இன்றி, கிராம சபையில் மருத்துவ அலுவலர் படித்துக் காட்டட்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபை அது. பதிவேட்டில் உள்ளோர் எத்தனை பேர், அவர்களுள் நோய் கட்டுக்குள் இருப்போர் எத்தனை பேர், எந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை என்ற மூன்று கணக்குகள் போதும். மருந்து வாங்கக் கோவில்பட்டிக்குப் பேருந்து ஏறியவர்கள் அந்த அவையிலேயே அமர்ந்திருப்பார்கள். கணக்கு பிசகினால் அங்கேயே திருத்துவார்கள். இக்கடமையை மருத்துவர் தலையில் ஏற்றும் அரசு, ஒரே செய்தியை மூன்று பதிவேடுகளில் எழுதச் சொல்லும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும்.