வேர்டுக்குப் பேய் பிடிக்கவில்லை

"நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு, இன்னிக்குத் தொறந்தா எல்லாம் கலைஞ்சு கெடக்கு!"

மைக்ரோசாஃப்ட் வேர்டு பற்றிய புலம்பல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரே ஒரு பத்தியைச் சாய்வெழுத்தாக்கினேன், 110 பக்கமும் சாஞ்சுடுச்சு. வீட்டில் 12 பக்கம் வந்த கட்டுரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் 14 பக்கம். நண்பர் எழுதின அத்தியாயத்தைக் கொண்டுவந்து ஒட்டினதும் அதோட எழுத்துரு, இடைவெளி எல்லாம் மாறிப்போச்சு. பொட்டி தட்டுகிற பொழப்பில் இருக்கிறவனுக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்தக் கேஸ்கள் வந்து சேரும். (மெமரி லீக் பத்தி மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.)

மக்களே, வேர்டுக்குப் பேய் பிடிக்கல. யாரோ சொன்னதைத்தான் அது செய்யுது. சொன்னது நீங்களா, இல்லை உங்களுக்கு அந்த ஃபைலை 'டெம்ப்ளேட்'னு சொல்லி அனுப்பிவைத்த புண்ணியவானா என்பதுதான் கேள்வி. புண்ணியவான்தான் என்பது என் கட்சி. அதுக்கு வருவதற்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை. தெரிந்தவர்கள் தாண்டிக் குதிக்கலாம்.

ஒரு பத்தி எப்படித் தெரியணும்ங்கறது வேர்டில் ரெண்டு இடத்திலிருந்து வருது. ஒண்ணு, அந்தப் பத்திக்குப் போட்டிருக்கிற ஸ்டைல். இன்னொண்ணு, அதுக்கு மேலே நாம கையால் அடிக்கிற பெயின்ட்: தடித்த எழுத்து, 14 புள்ளி, நடுவில் நிறுத்து, இத்யாதி. நம்ம வலைப்பூவையே எடுத்துக்குங்க. டெம்ப்ளேட்டை மாத்தினா 300 பதிவும் ஒரே நொடியில் சட்டை மாத்திக்கும். ஏதோ ஒரு பதிவில் மட்டும் சிவப்பு எழுத்தைக் கையால் போட்டிருந்தா, அது மட்டும் அடம்பிடிச்சு அப்படியே நிக்கும். வேர்டிலும் இதே கதைதான். கையால் அடிச்ச பெயின்ட் இருக்கிற இடத்தில் ஸ்டைல் சொல்றது எடுபடாது.

இப்ப அந்த 110 பக்கம் சாய்ந்த கதை. ஸ்டைலை மாத்துகிற மாடிஃபை பெட்டியில் 'ஆட்டோமேட்டிகலி அப்டேட்'னு ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டுட்டா, அந்த ஸ்டைல் உள்ள ஏதாவது ஒரு பத்தியில் நீங்க செய்யும் கைவேலையை 'ஓஹோ, ஐயா ஸ்டைலையே மாத்தச் சொல்றார்'னு வேர்டு எடுத்துக்கும். அதே ஸ்டைல் உள்ள எல்லாப் பத்தியும் கூடவே சாயும். உள்ளடக்கப் பட்டியலின் ஸ்டைல்களுக்கு இந்த டிக் தேவைதான். உடல்பகுதி ஸ்டைலுக்கு இதை டிக் பண்ணி வைக்கிறவங்களை என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க.

12 பக்கம் 14 பக்கம் ஆனதுக்குக் காரணம் பல இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லாமல் இருந்தாலும் ஆகும். ஆனா அதிகம் கண்ணில் படாத குற்றவாளி வேற ஒருத்தர். ஒவ்வொரு வேர்டு ஃபைலும் ஏதாவது ஒரு டெம்ப்ளேட்டோடு கட்டப்பட்டிருக்கும். நீங்க எதையும் தேர்ந்தெடுக்கலைன்னா அது நார்மல் என்கிற டெம்ப்ளேட். பெயர் ஒண்ணுதான், ஆனா அது அவரவர் கம்ப்யூட்டரில் அவரவருடையது. 2003 வேர்டில் நார்மல் ஸ்டைல்னா டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளி. 2007ல் அது கேலிப்ரி 11, பத்திக்குக் கீழே 10 புள்ளி இடைவெளி, வரிகளுக்கு நடுவில் 1.15. 2013ல் அந்த 10 எட்டாச்சு, 1.15 என்பது 1.08 ஆச்சு. அதுக்கப்புறம் ஆப்டோஸ்னு ஒரு புது எழுத்துரு வந்து உட்கார்ந்தது. சாதாரணமா இந்த மாற்றமெல்லாம் உங்க பழைய ஃபைலைத் தொடாது, ஏன்னா ஸ்டைல்கள் ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுது. ஆனா டெவலப்பர் டேபில், டாக்குமென்ட் டெம்ப்ளேட் என்கிற இடத்தில், 'ஆட்டோமேட்டிகலி அப்டேட் டாக்குமென்ட் ஸ்டைல்ஸ்'னு இன்னொரு டிக் இருக்கு. இது போட்டிருந்தா, ஃபைலைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கம்ப்யூட்டரின் டெம்ப்ளேட்டிலிருந்து ஸ்டைல்கள் இறங்கி உங்க ஸ்டைல்கள் மேல ஏறி உட்காரும். வீட்டில் ஒரு நார்மல், ஆபீஸில் வேற நார்மல். பக்கம் கூடாம என்ன செய்யும்?

ஒட்டினதும் மாறின அத்தியாயமும் இதுக்குப் பங்காளிதான். ரெண்டு ஃபைலிலும் ஒரே பெயரில் ஸ்டைல் இருந்து, விளக்கம் வேறயா இருந்தா, நீங்க அமைப்பை மாத்தாதவரை ஒட்டப்படுகிற இடத்தின் விளக்கம்தான் ஜெயிக்கும். வீட்டோட மாப்பிள்ளை மாதிரி.

உண்மையிலேயே பேய்த்தனமான ஒண்ணு இருக்குன்னா அது இதுதான். ஒரு பத்தியில் ரெண்டு வார்த்தை மட்டும் தடித்த எழுத்தில் இருக்கு, அந்தப் பத்திக்குப் புது ஸ்டைல் போடறீங்க: ரெண்டு வார்த்தையும் தடிமனாவே நிக்கும். பத்தியில் பாதிக்கு மேல் தடித்திருந்தால்? தடிமன் மொத்தமும் காணாமப் போயிடும். பாதிக்கு மேல்னா அது ஸ்டைலோட வேலை, பாதிக்குக் கீழேன்னா அழுத்தம் கொடுக்க எழுதினவர் செஞ்சது என்பது வேர்டோட ஊகம். நல்ல ஊகம்தான். ஆனா அதை எந்த மெனுவிலும் சொல்லித் தொலைக்கலையே!

சரி, இப்ப புண்ணியவானுக்கு வருவோம்.

பல்கலைக்கழகம், கம்பெனி, பதிப்பகம், கருத்தரங்கம்னு எங்கிருந்தாவது ஒரு 'டெம்ப்ளேட்' வரும். திறந்து தலைப்பில் கர்சரை வெச்சு ஸ்டைல் பெயரைப் பாருங்க. நார்மல்! நார்மலுக்கு மேலே தடித்த எழுத்து, 14 புள்ளி, நடுவில். அடுத்த பக்கத்துக்குப் போக 17 என்டர். உள்ளடக்கத்தில் புள்ளி புள்ளியா கையால் தட்டி, கடைசியில் பக்க எண்ணையும் தட்டி வெச்சிருப்பாங்க. இது டெம்ப்ளேட் இல்லீங்க, டெம்ப்ளேட்டோட போட்டோ. சோதிக்க ஒரு நிமிஷம் போதும்: வ்யூ டேபில் நேவிகேஷன் பேனைத் திறங்க. தலைப்புகள் வரிசையா நின்னா நிஜம். காலியா இருந்தா போட்டோ.

இந்தப் போட்டோவைக் கையில் கொடுத்துட்டு, 'தலைப்பு 14 புள்ளி, உபதலைப்பு 12 புள்ளி, தவறினால் நிராகரிக்கப்படும்'னு ஒரு விதிப்பட்டியலும் கூடவே வரும். ஸ்டைல்ல ஒருதடவை எழுதி வெச்சா முடியற வேலையை 300 பேர் தனித்தனியா கையால் செய்யணும்னு சட்டம் போடறாங்க. ஆய்வேட்டைக் கொடுக்க மூணு நாள் இருக்கும்போது வழிகாட்டி, 'ரெண்டாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் சேரு'ன்னு சொல்லுவார். அந்தப் பிள்ளை உள்ளடக்கத்தின் பக்க எண்ணை எல்லாம் ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டு, முடியாதப்ப டிடிபி கடையில் காசு கொடுத்துக்கிட்டு நிக்கும். அந்த மூணு நாள் ஆய்வைச் சரிபார்க்கப் போயிருக்க வேண்டியது. எனக்குக் கோபம் வர்றது இந்த இடத்தில்தான்.

இன்னொருத்தரை நாம யாரும் நினைக்கிறதே இல்லை. கண் தெரியாத வாசகர். என்விடிஏ என்கிற இலவச திரைவாசிப்பான் 2006லிருந்து இருக்கு, ஆஸ்திரேலியாவில் ஆரம்பிச்சது. அதில் உலாவும் நிலையில் எச் விசையைத் தட்டினா அடுத்த தலைப்புக்குத் தாவலாம், வேர்டு ஃபைலிலும்கூட. ஆனா தலைப்புன்னு அது எதை எடுத்துக்கும்? ஹெடிங் ஸ்டைலைத்தான். பெரிசா, தடிமனா, நடுவில் இருக்குங்கறது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். கையால் பெயின்ட் அடிச்ச 200 பக்க ஆவணம் அவருக்குத் தலைப்பே இல்லாத ஒரே நீளச் சுவர். பதிவுகளைத் தொகுத்து கிண்டிலில் மின்னூலா போட நினைக்கிறவங்களும் கவனிங்க. அத்தியாயத் தலைப்புக்கு ஹெடிங் 1 போடச் சொல்லித்தான் அவங்களும் கேக்கறாங்க, பொருளடக்கம் அதிலிருந்துதான் வரணும்.

"வேர்டே குப்பை, லாடெக் கத்துக்க"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். டொனால்ட் நூத் 1978ல் டெக் கொடுத்தார், அது மேலே லெஸ்லி லாம்போர்ட் லாடெக் கட்டினார், ரெண்டு பேருக்கும் கும்பிடு. ஆனா தமிழாசிரியையா ஓய்வு பெற்று நினைவுக்குறிப்பு எழுதுகிற அத்தைகிட்ட போய் பின்சாய்கோடு, நெளிவு அடைப்புக்குறின்னு ஆரம்பிக்க முடியுமா? ரெண்டும் சொல்ற யோசனை ஒண்ணுதான்: இது தலைப்பு, இது மேற்கோள், இது உடல்பகுதின்னு சொல்லு, தோற்றத்தை வேற இடத்தில் வை. ஒரு பக்க லீவ் லெட்டருக்கு இதெல்லாம் வேண்டாம், தாராளமா கையால் அடிங்க.

தமிழில் எழுதுகிற நமக்கு மட்டும் வர்ற தலைவலி ரெண்டு இருக்கு. ஆங்கிலத்தில் எழுதற உதவிக் குறிப்புகளில் இதை அனேகமா யாரும் சொல்ல மாட்டாங்க.

முதலாவது: ஸ்டைல்ல எழுத்துரு மாத்தினேன், ஆங்கில வார்த்தை மட்டும் மாறுச்சு, தமிழ் அப்படியே நிக்குது! காரணம், வேர்டைப் பொறுத்தவரை தமிழ், இந்தி, அரபி, தாய் எல்லாம் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' ஜாதி. ஒவ்வொரு ஸ்டைலும் இதுக்குன்னு தனி எழுத்துரு, தனி அளவு, தனி தடிமன் வெச்சிருக்கும். மாடிஃபை, ஃபார்மேட், ஃபான்ட்னு உள்ளே போனா கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்னு தனிப்பகுதி தெரியும். லதாவோ நிர்மலாவோ அங்கே போடணும், அளவையும் அங்கேயே மாத்தணும். இது தெரியாமதான் பலபேர், 'ஸ்டைல் தமிழுக்கு வேலை செய்யாது'ன்னு முடிவு கட்டி, திரும்பவும் பெயின்ட் டப்பாவைத் தூக்கிடறாங்க.

ரெண்டாவது நிஜமாவே ஆபத்தானது. ஃபைல் குழம்பிப் போச்சுன்னா எல்லாரும் சொல்ற வைத்தியம்: மொத்தமா தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-ஸ்பேஸ் தட்டு, கையால் செய்த எழுத்து அலங்காரம் போயிடும், கன்ட்ரோல்-க்யூ தட்டு, பத்தி அலங்காரம் போயிடும். அருமையான வைத்தியம், ஃபைல் யூனிகோடில் இருந்தால். பாமினியில் இருந்தா? பாமினியில் 'அம்மா'ன்னு தட்டினா ஃபைலுக்குள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்கிற ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துருவை மாட்டினதால்தான் அது அம்மாவாத் தெரியுது. அங்கே எழுத்துருதான் மொழியே. கன்ட்ரோல்-ஸ்பேஸ் தட்டின மறுநொடி மொத்தமும் ஆங்கிலக் கந்தல். நடுநடுவே நிஜ ஆங்கில வார்த்தைகளும் இருந்திருந்தா எது தமிழ் எது ஆங்கிலம்னு பிரிக்கிறதுக்கு மனுஷன் உட்காரணும். யூனிகோடுக்கு முந்தைய மத்த எழுத்துருக்களுக்கும் இதே கதிதான். அதனால் பழைய கையெழுத்துப்படி கையில் இருந்தா, முதலில் நகல் எடுங்க, பிறகு யூனிகோடுக்கு மாத்துங்க, அதுக்கப்புறம் ஸ்டைல் பக்கம் போங்க. வரிசை மாறினா சங்குதான்.

அப்பவும் ஒரு ஃபைல் அடங்காம ஆடினா கடைசி வைத்தியம் ஒண்ணு இருக்கு. திருப்பிப் போட்ட 'பி' மாதிரி இருக்குமே, அந்தப் பத்திக்குறிகளைத் திரையில் காட்டச் சொல்லுங்க. பத்தியோட அமைப்பு எல்லாம் அந்தக் குறிக்குள்ளேதான் ஒளிஞ்சிருக்கு. கடைசிப் பத்திக்குறியை மட்டும் விட்டுட்டு மீதி எல்லாத்தையும் நகலெடுத்து ஒரு புது ஃபைலில் ஒட்டுங்க. ஃபைலோட பழைய வினைகள் பெரும்பாலும் அந்தக் கடைசிக் குறியோடவே தங்கிடும். எந்தப் புது ஃபைலைத் திறந்தாலும் கோளாறுன்னா சந்தேகம் நார்மல் டெம்ப்ளேட் மேல. வேர்டை மூடிட்டு அந்த ஃபைலுக்கு வேற பெயர் வைங்க, வேர்டு தானா புதுசு ஒண்ணு செஞ்சுக்கும்.

டிஸ்கி: லிப்ரேஆபீஸ் ரைட்டர் கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கேயும் காம்ப்ளெக்ஸ் எழுத்துரு தனிதான், ஆப்ஷன்ஸில் போய் அதை முதலில் உயிர்ப்பிக்கணும். டெம்ப்ளேட்டை மாத்தினா, 'ஸ்டைல்களைப் புதுப்பிக்கட்டுமா'ன்னு ஃபைலைத் திறக்கும்போது மரியாதையா கேக்கும், அது நல்ல பழக்கம்தான். ஆனா அவசரத்தில் 'பழசே இருக்கட்டும்'னு ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா, அந்த ஃபைலுக்கு அது மறுபடி கேக்காது.