உயர்த்திய ஜீப்பும் வளைந்த தண்டும்



சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து, சிற்றுண்டியும் முடிந்து, எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, வாசலில் நின்ற தம் மகனுடைய ஜீப்பைக் காட்டினார். பொய்க்கால் குதிரைபோல் அது உயர்ந்து நின்றது. அன்பரின் தாயார் ஏறி இறங்குவதற்கென்று ஒரு முக்காலியை வண்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஸ்பிரிங்குகளை மாற்றி 2 அங்குலம் தூக்கியிருப்பதாகவும், அவ்வேலையைச் செய்த பட்டறையில் முன்பக்கத்து 'ஸ்டெபிலைசர் பார்' என்னும் தண்டை இனி வேண்டாமென்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். வருகிற ஜூன் மாதம் குடும்பத்தோடு ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போக உத்தேசம். தண்டு இருப்பது நலமா, இல்லாதிருப்பது நலமா என்பது அவர் கேள்வி.

அடியேன் எஞ்சினீயர் அல்லேன். பத்தாவது தேறி ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆகையால் ஏறிப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவர்கள் குடும்பமும் நானும் என் மகளுமாகக் கசௌலிக்குப் போய்வரப் புறப்பட்டோம்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியைப்போல் ஒவ்வொரு வளைவிலும் ஜீப் வெளிப்பக்கம் சாயலாயிற்று. தரம்பூருக்கு இப்பால் ஒரு திருப்பத்தில் எதிரே பஸ் ஒன்று வந்துவிட்டது. பிள்ளை சட்டென்று இடப்பக்கம் ஒடித்து, உடனே வலப்பக்கம் திருப்பினான். முதற் சாய்வைவிட இரண்டாம் சாய்வு கடுமையாயிருந்தது. என் மகளின் தலை கண்ணாடியில் மோதியது. தயிர்சாதத் தூக்கு கவிழ்ந்தது. வேறு சேதமில்லை. ஆனால் கால்கா வந்து சேரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைமேல் குற்றம் சொல்லமாட்டேன். அவன் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவேயில்லை.

இத்தண்டு செய்யும் வேலை எளிதானதே. 'ப' எழுத்தைப்போல் வளைத்த ஸ்பிரிங் எஃகுத் தண்டு அது. அதன் நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் சட்டத்தோடு பொருந்தியிருக்கும். இரு முனைகளும் 'லிங்க்' என்னும் சிறு கம்பிகளால் இடவலச் சக்கரங்களின் பக்கம் இணைந்திருக்கும். வேகத்தடைமேல் ஏறும்போது இரு சக்கரங்களும் ஒருங்கே உயர்வதால் தண்டு புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எதிர்ப்புக் காட்டாது. ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் தண்டு முறுக்கிக் கொள்ளும். அம்முறுக்கு, வண்டியின் உடல் ஒரு பக்கம் சாய்வதைத் தடுத்துப் பிடிக்கும். சாய்ந்த ஸ்பிரிங் மீளும்போது மறுபக்கம் வீசியடிக்கும் ஆட்டத்தையும் அது அடக்கும். நாங்கள் அன்று கண்ட இரண்டாம் சாய்வு அந்த ஆட்டந்தான்.

அப்படியானால் பட்டறைக்காரர் சொன்னது முழுப் பிழையோ என்றால், அன்று. பாறையும் பள்ளமுமான இடத்தில் ஒரு முன்சக்கரம் கல்மேல் ஏறும்போது, இதே முறுக்கு மற்றைச் சக்கரத்தையும் தூக்கப் பார்க்கும். அது பள்ளத்துள் இறங்கி மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். சாதாரண டிபரென்ஷியல் உள்ள வண்டியில் அந்தரத்தில் நின்ற சக்கரம் வீணே சுழல, மண்ணில் உள்ள சக்கரத்துக்கு இழுவை கிடையாது. தண்டைக் கழற்றிவிட்டால் சக்கரங்கள் தனித்தனியே மேடுபள்ளத்தைத் தேடிப் பிடிக்கும். உள்ளே இருப்போர் தலையும் குலுங்காது. ஆனால் இதெல்லாம் மனிதன் நடக்கும் வேகத்தில் நடப்பது.

தார்ச்சாலையின் கணக்கே வேறு. வண்டியை உயர்த்தினால் அதன் எடையின் மையமும் உயரும்; சக்கரங்களின் இடையகலமோ கூடுவதில்லை. கணக்குக்காக இடையகலம் 150 செ.மீ., மைய உயரம் 75 செ.மீ. என்று கொள்வோம். பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1 வரும். 5 செ.மீ. தூக்கினால் அது 0.94 ஆகக் குறைகிறது. இந்த எண் குறையக் குறைய வண்டி கவிழும் எல்லை நெருங்கிவரும். அன்றியும், நேர் அச்சுள்ள ஜீப்பில் உடல் எந்த அச்சைப் பற்றிச் சாய்கிறதோ அது கீழேயே நின்றுவிட, எடை மட்டும் மேலே போகிறது. நெம்புகோல் நீண்டதற்குச் சமம். உயர்த்திய வண்டிக்குத் தண்டு முன்னைக்காட்டிலும் அதிகமாக வேண்டும். இங்கேயோ உயர்த்திய கையோடு கழற்றுகிறார்கள். அதிலும் பின்தண்டை விட்டு முன்தண்டை மட்டும் எடுத்தால், வளைவில் பின்சக்கரங்களின் பங்குச் சுமை கூடி, வால் வழுக்கும் சுபாவம் வளரும்.

பழைய ஜீப்புகளில் இத்தண்டே இல்லையே என்று அன்பர் மகன் கேட்டான். கேள்வி நியாயமானது. அவை பட்டை பட்டையாக அடுக்கிய விறைப்பான லீப் ஸ்பிரிங்கில் ஓடியவை. அவற்றின் உராய்வே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிற்று. வேகமும் குறைவு. இன்றைய மிருதுவான காயில் ஸ்பிரிங்கோடு அதை ஒப்பிடலாகாது. நம் இலாகாவிலும் இதே கதைதான். பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டிகள் இத்தகைய தண்டின்றி வேறு அமைப்பால் சமாளித்தன. 2000க்குப் பின் வந்த எல்.எச்.பி. பெட்டிகளின் போகியில் சாய்வு தடுக்கும் தண்டு உண்டு. ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் குனிந்து பார்க்கும் அன்பர்கள், பிளாட்பாரத்து ஓரத்தில் நிற்காமல் பார்க்கவும்.

இரண்டு பயனும் வேண்டுவோருக்கு வழி இருக்கிறது. ஜீப் ராங்க்ளர் ருபிகான் வண்டியில் 2007 முதல் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்தண்டு விடுபடும். வேகம் ஏறக்குறைய 29 கிலோமீட்டரைத் தாண்டினால் தானே சேர்ந்துகொள்ளும். டொயோட்டா கம்பெனி சில பெரிய வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால் இதே காரியத்தைச் செய்கிறது. நம்போன்றோருக்கு ஊசி போட்டு மாட்டும் கழற்று லிங்க் போதும். உயர்த்திய அளவுக்கு லிங்க் நீளமாயிருக்கவேண்டும் என்பது முக்கியம். பழைய குட்டை லிங்கையே மாட்டினால் தண்டு செங்குத்தாகச் சாய்ந்து, சக்கரம் தொங்கும்போது சிக்கிக்கொள்ளும். பட்டறையில் கழற்றச் சொல்வதற்கு இதுவே உண்மைக் காரணமாயிருக்கக் கூடும். லிங்க் வரவழைப்பதைவிடக் கழற்றுவது சுலபமல்லவா! கழற்றினால் இரு பக்கமும் கழற்றி, டயரிலும் பிரேக் ஹோஸிலும் உரசாதபடி மேலே கட்டவேண்டும். அப்போது சக்கரம் வழக்கத்தைவிடக் கீழே தொங்குமாதலால் பிரேக் ஹோஸின் நீளத்தை முன்னதாகவே பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஸ்பிதிக்கு அவர்கள் போக எண்ணியது சிம்லா, கின்னௌர், நாக்கோ, காஜா வழி. அதில் பெரும்பகுதி தார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சட்லெஜ். கல்லும் ஓடைநீருமான வழி என்பது குன்ஸம் கணவாய்க்கு அப்பால் பாத்தலிலிருந்து கிராம்பு வரைதான். அங்கே வேண்டுமானால் கழற்றட்டும். கிராம்பு வந்ததும் இறங்கி மாட்டட்டும். அதற்குச் சோம்பினால் கழற்றவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் எடுத்துச் சொன்னேன். உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றுவதை அது தடுக்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் இந்த 2 அங்குலத்தைத்தான் அளக்கும். அன்பர் மகனை நிமிர்ந்து பார்த்தார். மகன், பழைய ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போடுவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னான். எதுவாயினும் தண்டை முதலில் மாட்டிவிடுவோம் மாமா என்றான்.

தண்டைத் தேடியபோது பரணில் இல்லை, கட்டிலடியிலும் இல்லை. கடைசியில் பாட்டி எங்களைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார்கள். அவரைப் பந்தலுக்கு அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கொடியும் இரண்டு முழம் சுற்றி ஏறியிருந்தது. மூங்கில் ஒன்று வாங்கி வந்து நட்ட பிறகே தருவேன் என்று சொல்லிவிட்டார்கள். மூங்கிலுக்கு மகன் கடைத்தெருவுக்குப் போனான்.