உன் ஊர் எது?

சென்ற மாதம் தரம் எட்டில் பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டு, "நான் யார்?" என்று பத்து வரி எழுதச் சொன்னேன். பெயர், வாப்பாவின் தொழில், பிடித்த கிரிக்கெட் வீரர் என்று பேனாக்கள் ஓடின. ஒரு மாணவன் மட்டும் 'ஊர்' என்ற இடத்தில் நின்றுவிட்டான்.

"மௌலவி, நான் பிறந்தது புத்தளம். வாப்பா பிறந்தது இங்க சோனகத் தெரு. அங்க எங்களை யாழ்ப்பாணத்தார் எண்டாங்க. இங்க வந்தா புத்தளத்தார் எண்டுறாங்க. எதை எழுத?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது நான் இவனைவிடச் சிறியவன். அந்நாட்களில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். புத்தளத்தில் நான் சேர்ந்த பாடசாலையில் முதல் நாளே ஓர் ஆசிரியர், "அகதிப் பிள்ளைகள் எழும்புங்கள்" என்றார். இலவசக் கொப்பி தருவதற்குத்தான். நல்ல மனிதர். ஆனாலும் அந்தக் கொப்பியில் நான் என் பெயரை எழுதவேயில்லை.

அதனால் என் வகுப்பில் யாரையும் எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை. முதலில் என் கதையை நானே சொல்வேன். பிறகு விரும்பியவர் வாசிக்கலாம். 'கூச்சப்படாதே, சொல்லு' என்று வற்புறுத்தும் பெற்றோர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அன்று அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களைப் பற்றிச் சொன்னேன். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர். "இவருடைய ஊர் எது?" என்று கேட்டேன். "யாழ்ப்பாணம்" என்றார்கள் சிலர், "கொழும்பு" என்றார்கள் சிலர். பின்வாங்கிலிருந்து ஒருவன், "ரெண்டும்தான்" என்றான். 'ஊர்' என்பதை 'ஊர்கள்' என்று கரும்பலகையில் திருத்தினேன்.

மணி அடித்தபின் அந்த மாணவன் தாளை மடித்துக் கொண்டுவந்தான். "நீங்க மட்டும் பாருங்க, மௌலவி."

இரண்டு ஊரையும் எழுதியிருந்தான். முகாமின் பெயரையும் எழுதி, பிறகு வெட்டியிருந்தான்.

தாள்களைப் பெற்றோர் தினத்துக்குச் சுவரில் ஒட்டலாம் என்றார்கள். சம்மதித்தவர்களுடையதை மட்டும் ஒட்டினோம். அவனுடையது இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.